கலர் தெரியாத கேமரா

"கலர் தெரியாதா?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"தெரியாதுக்கா," என்றார் கடைக்காரர் ஜபருல்லா. மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் கிடையாது என்று பெண் வீட்டாரிடம் சொல்கிறவரின் பெருமை அந்தக் குரலில் இருந்தது.

"ஒரு கலருமா?"

"ஒண்ணுகூட. கருப்பு, வெள்ளை, நடுவுல சாம்பல். அவ்வளவுதான்."

"அப்ப இது கெட்டுப்போன கேமராவா?"

பினாங்கு ரோட்டில் இரண்டு கைப்பைக் கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நின்ற அந்தக் கேமராக் கடையில் இந்தக் கேள்விக்குச் சிரித்தவர் ஜபருல்லா மட்டும்தான். ஜெகதீஸ்வரியின் கணவர் யுகேந்திரன் சிரிக்கவில்லை. தலை நிற்காத பச்சைக் குழந்தையை ஏந்துவது போல அந்தக் கேமராவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மனைவியின் காதில் விழாத தூரத்துக்கு அதைக் கொண்டுபோய்விடலாமா என்று பார்ப்பவர் போல நின்றார்.

"கருப்பு வெள்ளை போன்லயே வருதேங்க. ஒரு தட்டு தட்டுனா போதும். வீட்டு அலமாரியில தூங்குதே, அந்தக் கேமராவுலயும் வருது."

"அது வேற ஈஸ்வரி. அது கலர்ல பாத்துட்டு அப்புறம் கலரக் கழுவி ஊத்துறது. இது பொறந்ததுலேருந்தே..."

"குருடு."

"குருடில்ல லா! சாதாரண கேமராவுல உள்ளுக்குள்ள ஒவ்வொரு புள்ளி மேலயும் ஒரு சின்ன கலர் கண்ணாடி இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம்னு. அது வெளிச்சத்துல பாதியத் தின்னுரும். இதுல அது கிடையாது. வர்ற வெளிச்சம் அத்தனையும் உள்ள போகும். முடி முடியா, நூல் நூலா தெரியும்."

"இல்லாத ஒண்ணுக்கு எதுக்கு அதிக விலை?"

"அக்கா," என்று ஜபருல்லா குறுக்கே வந்தார், "சைவக் கடையில மீனே இல்லாத மீன் கறி விக்கிறான். நெசமான மீனவிட அதுதான் விலை. சாப்பிடுறீங்கல்ல?"

"சாப்பிடுறேன். சாப்பிட்டுத் திட்டுவேன்."

யுகேந்திரனுக்கு இந்த ஆசை சும்மா வந்ததில்லை. மாக் மண்டினில் லேபிள் அச்சடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் கலர் சரிபார்ப்பது அவர் வேலை. சாஸ் போத்தலின் சிவப்பு போன மாதச் சிவப்பு போலவே இருக்கிறதா, மைலோ பாக்கெட்டின் பச்சை கொஞ்சம் கறுத்துவிட்டதா என்று விளக்கடியில் வைத்து நாள் முழுக்கப் பார்ப்பார். சிவப்பில் ஒரு சொட்டு குறைந்தால் லாரியில் ஏற்றிய சரக்கையே இறக்கச் சொல்லும் மனிதர். வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "எங்கயாச்சும் கலரே இல்லாத ஊருக்குப் போயிறணும் ஈஸ்வரி," என்பார். அந்த ஊர் பினாங்கு ரோட்டில், ஜபருல்லாவின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதாக அவர் கண்டுபிடித்ததிலிருந்து, வாரா வாரம் சனிக்கிழமை அவருக்குத் தலைமுடி வெட்ட வேண்டியிருந்தது. தலையில் இருந்ததோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டினாலே மிச்சம் வராத முடி. அப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

"காசு உங்க போனஸ் காசு. அதுல நான் வாயத் தெறக்க மாட்டேன்," என்றாள் ஜெகதீஸ்வரி. "எனக்கு வேண்டியது நியாயம். கலர் தெரியாத கேமராவுல எடுத்த படத்த யாரு பாப்பா?"

"பாப்பாங்க."

"யாரு?"

"பாக்கத் தெரிஞ்சவங்க."

"சரி. ஒரு பந்தயம்." ஜெகதீஸ்வரி கைப்பையைக் கல்லா மேசை மேல் வைத்தாள். பை மேசைக்கு ஏறினால் விஷயம் முடியாமல் இறங்காது என்பது யுகேந்திரனுக்குத் தெரியும். "ஞாயித்துக்கெழம எங்கக்காவுக்கு அறுபதாம் கல்யாணம். தவுக்கே," என்று கடை முதலாளி ஜபருல்லாவிடம் திரும்பினாள், "இத அது வரைக்கும் இவருகிட்ட குடுத்து வைப்பீங்களா?"

"அண்ணனுக்கு இல்லாததா? ஞாயிறு கடை அடைக்கிறதுக்குள்ள கொண்டு வந்துறணும்."

"அங்க இவரு இதுல படம் எடுக்கட்டும். எங்கக்கா அவங்க வாயால, 'இதப் பெருசாக்கி ஹால்ல மாட்டணும்'னு சொல்லணும். சொன்னா, கேமரா உங்களுக்கு. சொல்லலன்னா, திருப்பிக் குடுத்துட்டு இனிமே இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. முடி வெட்டவும் இந்தப் பக்கம் வரக்கூடாது."

"சரி," என்றார் யுகேந்திரன், அவசரமாக.

அவசரப்பட்டது தப்பு. ஜெகதீஸ்வரியின் அக்கா நல்லம்மாளைத் தெரிந்த யாரும் இந்தப் பந்தயத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஜெலுத்தோங்கில் நல்லம்மாள் வீட்டு ஹாலில் ஒரு சுவர் கிளிப்பச்சை, ஒரு சுவர் மாம்பழ மஞ்சள், சோபா கத்திரிப்பூ. பிளாஸ்டிக் பூச்சாடியில் இருப்பது கடவுளே இன்னும் படைக்காத நிறத்துப் பூ. செத்துப்போன அப்பாவின் பழைய கருப்பு வெள்ளைப் படம் அவளுக்குப் பொறுக்காமல், ஓர் ஆளைப் பிடித்து அதற்குக் கலர் அடிக்க வைத்தாள். அந்தப் பாவப்பட்ட மனிதர் இன்றைக்கும் ரோஸ் உதட்டோடு, வாழ்நாளில் போட்டே அறியாத நீலச் சட்டையில் சுவரிலிருந்து திகைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜபருல்லா கேமராவோடு மூன்று வட்டக் கண்ணாடிகளையும் ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. லென்சுக்கு முன்னால் திருகிக்கொள்வது.

"கலர் தெரியாத கேமராவுக்குக் கலர் கண்ணாடியா?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"அதான்க்கா இதுல வித்தை. எந்தக் கலர் கண்ணாடி போடுறோமோ, படத்துல அந்தக் கலர் வெளுத்துப் போயிரும். எதிர்க் கலர் கறுத்துப் போயிரும். சிவப்பப் போட்டா மூஞ்சியில உள்ள கறை, பரு எல்லாம் மாயம்."

"அப்ப பொய் சொல்ற கேமரான்னு சொல்லுங்க."

"எந்தக் கேமராக்கா நெசம் சொல்லுது?" என்றார் ஜபருல்லா.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. நிபோங் திபாலிலிருந்து ஒரு வேன் நிறைய மாப்பிள்ளைச் சொந்தம். மாப்பிள்ளை பிச்சைமுத்து பைராம் தோட்டத்தில் பிறந்து, பட்டர்வொர்த்தில் பேருந்து ஓட்டி ஓய்ந்தவர். மணமேடையிலும் மனைவியைப் பயணி மாதிரிதான் நடத்தினார்: "உள்ள தள்ளி உக்காரு, உள்ள தள்ளி உக்காரு."

காலையிலேயே அலங்காரம் செய்யும் பெண் வந்து நல்லம்மாளின் முகத்தில் வேலை செய்திருந்தாள். வேலை என்றால் சாதாரண வேலை இல்லை. நல்லம்மாளுக்கு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு. பல வருஷத்து மங்கு. அது இருந்த இடம் தெரியாமல் பூசி மெழுகிவிட்டுப் போனாள். ஆனால் அறுபதாம் கல்யாணத்தில் கலசத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள் என்பதை யாரும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. பிள்ளைகள், மருமக்கள், சம்பந்திகள், வேனில் வந்தவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு குடம் ஊற்றியதில் முகத்தில் இருந்தது முழுக்க வடிந்து, தோள் வழியாக இறங்கி, மண்டபத்துச் சாக்கடையில் போய்விட்டது.

ஈரம் மாற்றி, சிவப்புக் கூறைப்புடவை கட்டி, நெற்றியிலும் வகிட்டிலும் புதிதாகக் குங்குமம் வைத்து, தாலியும் ஏறிய பிறகு, கூலிக்குப் பேசிய படக்காரர் ஐமான் தான் எடுத்த கலர் படங்களைக் காட்டினார். நல்லம்மாள் பார்த்தாள்.

"அலாமாக்! இது என்ன, கன்னத்துல தோசை கருகுன மாதிரி?"

"கலர் கரெக்டா வந்துருக்குக்கா," என்றார் ஐமான்.

"உன்ன யாரு கரெக்டா எடுக்கச் சொன்னா?"

ஜெகதீஸ்வரி பந்தியில் வடை பரிமாறிக்கொண்டே இதைக் கேட்டுச் சிரித்தாள். அடுத்த குரல் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"தம்பி யுகேந்திரா! நீ ஏதோ வேற கேமரா வச்சிருக்கியாமே. இங்க வா. இந்த மங்கு தெரியாம எடுக்க முடியுமா?"

"முடியும்க்கா!" என்று பந்தியைத் தாண்டி ஓடினார் யுகேந்திரன். ஓடும்போதே சிவப்புக் கண்ணாடியைத் திருகுவதையும் ஜெகதீஸ்வரி பார்த்தாள்.

மண்டபத்தை ஒட்டிய அலங்கார அறையில், ஜன்னலோரம் புருஷனும் பெண்டாட்டியும் மாலையோடு உட்கார்ந்தார்கள். யுகேந்திரன் மூன்று நான்கு எடுத்துவிட்டுக் கேமராவின் முதுகை அக்காவிடம் திருப்பினார். ஜெகதீஸ்வரி வடைத் தட்டோடு வாசலில் வந்து நின்றாள்.

நல்லம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தாள். பேச்சு வரவில்லை. அவளுக்குப் பேச்சு வராதது குடும்பத்தில் யாரும் பார்க்காத காட்சி.

"இது நானா?"

"நீங்கதான்க்கா."

"மங்கு எங்க?"

"கண்ணாடி தின்னுருச்சு."

"பாவி மனுஷா, இத்தன வருஷம் எங்க வச்சிருந்த இந்தக் கண்ணாடிய! கன்னத்தப் பாரு, வழுவழுன்னு. ஏ ஜெகதா, இங்க வா, பாரு உங்கக்காவ! தம்பி, இதப் பெருசாக்கி..."

'பெருசாக்கி' வந்துவிட்டது. இன்னும் இரண்டு வார்த்தைதான் பாக்கி. யுகேந்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்காவின் வாயையே பார்த்தார். ஜெகதீஸ்வரி தட்டோடு பாய்ந்து படத்தைப் பார்த்தாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தாள். முகம் உண்மையிலேயே அழகாக இருந்தது. கண்ணிமையில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. அப்புறம் இன்னொன்றும் தெரிந்தது. தெரியாததுதான் தெரிந்தது.

"ரொம்ப நல்லாருக்குக்கா," என்றாள், வெல்லம் போல. "என்னமோ ஒண்ணு கொறையிற மாதிரி இருக்கு. நெத்தியில."

நல்லம்மாள் மறுபடி பார்த்தாள்.

நெற்றியில் பொட்டு இல்லை. வகிட்டில் குங்குமம் இல்லை. சிவப்புக் கூறைப்புடவை வெள்ளைப் புடவையாக இருந்தது. புதுத் தாலியின் மஞ்சள் கயிறு வெள்ளைக் கயிறாக இருந்தது. பக்கத்தில் பிச்சைமுத்து வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

"ஐயையோ!" என்ற சத்தத்தில் பந்தியில் ரசம் ஊற்றியவர் கை தவறி மோரில் ஊற்றினார். "தாலி ஏறி ஒரு மணி நேரம் ஆகல, என்ன அறுத்துப்புட்டியே தம்பி!"

"அக்கா, அது கண்ணாடி... சிவப்பு கண்ணாடி போட்டா சிவப்பு..."

"வேலையில சிவப்புல ஒரு சொட்டு கொறஞ்சா லாரியத் திருப்பி அனுப்புவாரு," என்றாள் ஜெகதீஸ்வரி அறைக்குள் திரண்டுவிட்ட பெண்களைப் பார்த்து. "எங்கக்கா நெத்தியில இருந்த மொத்தச் சிவப்பையும் தொலச்சுட்டு நிக்கிறாரு."

"எங்க, என்கிட்ட காட்டு," என்று பிச்சைமுத்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஆகா! உலகத்துல எந்தப் புருஷனுக்கும் கெடைக்காத பாக்கியம் லா இது. நான் போனப்புறம் இவ எப்படி இருப்பான்னு உயிரோட பாத்துட்டேன். பரவால்ல, நல்லாத்தான் இருக்கா."

"வாயக் கழுவுங்க! தம்பி, படத்துக்குச் சட்டம் போட்டப்புறம் நெத்தியில கண்ணாடி மேலயே குங்குமம் வச்சுக்கிறேன். சாமி படத்துக்கு வைக்கிற மாதிரி."

"வச்சா?" என்றார் பிச்சைமுத்து. "படத்துக்குப் பொட்டு வைக்கிறது யாருக்கு? ஒண்ணு சாமிக்கு, இல்ல போய்ச் சேர்ந்தவங்களுக்கு. நீ சாமியில்ல. அது எனக்குத் தெரியும்."

பெண்கள் சிரித்தார்கள். நல்லம்மாள் சிரிக்கவில்லை. பொட்டு வைக்காவிட்டால் அவர் இல்லை, வைத்தால் இவள் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு அவள் உதடு கோணிற்று. "அந்தக் கலர்காரன் படத்துல மூஞ்சி கருகிப்போச்சு. இதுல பொட்டே போச்சு. என் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு படம் உருப்படியா இல்ல," என்று மாலையோடு அழத் தொடங்கினாள்.

யுகேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். லென்சை மூடினார். கேமராவைத் துணிப்பைக்குள் இறக்கி, நாடாவைச் சுருட்டி அதன் மேல் வைத்தார். சண்டை போடுவார், சாக்குச் சொல்வார் என்று ஜெகதீஸ்வரி பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஜெயித்த வாய்க்கு வடை ருசிக்கவில்லை. பாதி கடித்ததைத் தட்டிலேயே வைத்தாள்.

"பைய மூடாதீங்க," என்றாள்.

"விடு ஈஸ்வரி. பந்தயம் முடிஞ்சிருச்சு. கடை அடைக்கிறதுக்குள்ள குடுத்துருவோம்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அந்தச் சிவப்புக் கண்ணாடியில சிவப்பு வெளுக்கும். எதிர்க் கலர் கறுக்கும்னு தவுக்கே சொன்னாருல்ல. பச்சை என்ன ஆகும்?"

"கறுப்பாகும்."

"நல்லா கறுப்பா?"

"மை மாதிரி."

ஜெகதீஸ்வரி அன்று கட்டியிருந்தது கரும்பச்சைப் பட்டு. அதற்குப் பொருத்தமாக நெற்றியில் பச்சை ஒட்டுப்பொட்டு. அவள் அந்தப் பொட்டை உரித்தாள். அக்காவின் நெற்றிக் குங்குமத்தை முந்தானையால் ஒற்றி எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள்.

"என்னடி செய்ற?"

"சும்மா இரு. இப்ப என் புடவைய நீ கட்டு."

"அப்ப நீ?"

"உன் கூறைய நான் சுத்திக்கிறேன்."

"அடிப்பாவி, எனக்குக் கட்டுன கூறைய நீ கட்டுவியா? உங்க மாமாவுக்கு ரெண்டு பெண்டாட்டின்னு ஆயிரும்!"

"எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றார் பிச்சைமுத்து. அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

கதவு மறுபடி திறந்தபோது நல்லம்மாள் கரும்பச்சைப் பட்டில் மண்டபத்துக்குப் போனாள். கூறை கிடைக்காத ஜெகதீஸ்வரி பாவாடை ரவிக்கையோடு, பந்தி மேசையின் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பைக் கழுத்து வரைக்கும் சுற்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் விரிப்பு சலசலத்தது. பாயசத்தின் மணம் வந்தது. வெளியே போக வழியில்லை. காதை மட்டும் கதவில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள தள்ளி உக்காரு," என்றது பிச்சைமுத்துவின் குரல்.

"மாலைய நேராக்குங்கக்கா. மாமாவப் பாக்காதீங்க, சிரிப்பு வந்துரும்," என்றது யுகேந்திரனின் குரல்.

பிறகு சத்தமே இல்லை. ஜெகதீஸ்வரிக்குத் தாங்கவில்லை.

"என்னாச்சு? யாராச்சும் சொல்லுங்களேன்!"

"இருடி!" இது நல்லம்மாள். அப்புறம் நீளமாக ஒரு மூச்சு. "தம்பி... பொட்டு வந்துருச்சு. மையால வச்ச மாதிரி நிக்குது. மங்கு இல்ல. புடவையில சரிகைய ஒவ்வொண்ணா எண்ணலாம் போல. என்னங்க, உங்க மீசையக்கூட அழகா எடுத்துருக்கான்."

"மீசை முன்னாடியே அழகு."

"தம்பி, இதப் பெருசாக்கி ஹால்ல மாட்டணும். அப்பா படத்துக்கு எதிர்ச் சுவத்துல."

விரிப்புக்குள் ஜெகதீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். தன் பொட்டை உரித்து, தன் புடவையை அவிழ்த்து, தானே தோற்றுவிட்டு, மேசை விரிப்பில் உட்கார்ந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க விரிப்பும் சேர்ந்து சலசலத்தது.

"கேட்டியா ஈஸ்வரி?" என்று கதவுக்கு அந்தப் பக்கம் மெதுவாகக் கேட்டது.

"கேட்டுச்சு கேட்டுச்சு. மொதல்ல என் புடவைய வாங்கிக் குடுங்க."

"கொஞ்ச நேரம் ஆகும் போல. அக்காவோட சம்பந்தியம்மா அந்தப் புடவையில ஒண்ணு எடுக்கணும்ங்கிறாங்க. வேன்ல வந்தவங்கள்ல நாலு பேரு வரிசையா நிக்கிறாங்க. பச்சைப் பொட்டு இன்னும் இருக்கான்னு கேக்கச் சொன்னாங்க."

"கைப்பையில ஒரு அட்டை இருக்கு. ஆளுக்கு ஒண்ணு. எனக்கு ஒரு கிண்ணம் பாயசம் வரணும், இல்லன்னா அட்டை வராது."

பாயசம் உடனே வந்தது. கதவிடுக்கு வழியாகப் பிச்சைமுத்துவின் குரலும் வந்தது: "தம்பி, அந்த மொதப் படத்த அழிச்சுறாத. பொட்டு இல்லாத படம். என் போனுக்கு அனுப்பு."

"எதுக்கு மாமா?"

"உங்கக்கா ரொம்பப் பேசுறப்ப எடுத்துக் காட்டுவேன். 'இந்தா, நான் இல்லன்னா இதான் நீ'ன்னு."

பெண்கள் ஒருவர் விடாமல் படம் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் புடவை திரும்பி வந்தது. ஜபருல்லா ஷட்டர் கதவைப் பாதி இறக்கியிருந்த நேரத்தில் இருவரும் கடைக்குள் குனிந்து நுழைந்தார்கள். கசங்கிய பச்சைப் பட்டு, வெறும் நெற்றி, கையில் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிய இரண்டு வடை. பொட்டு அட்டை காலி.

"கேமராவத் திருப்பித் தர வந்தீங்களா அண்ணே?" என்றார் ஜபருல்லா, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"இல்ல. எடுத்துக்கிறோம்," என்றாள் ஜெகதீஸ்வரி. "இந்தாங்க வடை. ஆனா ஒரு கண்டிஷன். கேமரா இவருக்கு. சிவப்புக் கண்ணாடி எனக்கு."

"கண்ணாடிய மட்டும் வச்சு என்னக்கா செய்வீங்க?"

"அது இல்லாம இவரு கேமராவ வச்சு என்ன செய்வாரு? எங்க சொந்தத்துல உள்ள பொம்பளைங்களுக்கெல்லாம் இப்ப இந்தக் கண்ணாடிதான் வேணும். யாருக்கு எப்பன்னு நான்தான் சொல்வேன். என்னப் பத்திப் பின்னால பேசுனவளுக்கு மஞ்சக் கண்ணாடி. மங்கு தெரியட்டும்."

"அண்ணே?" என்று ஜபருல்லா யுகேந்திரனைப் பார்த்தார்.

"குடுத்துருங்க லா," என்றார் யுகேந்திரன். கழுத்தில் நாடா தொங்க, உலகத்தில் யார் எந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டாலும் அவருக்குச் சம்மதமாக இருந்தது.

ஜெகதீஸ்வரி அந்த வட்டக் கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு கண்ணில் வைத்துக்கொண்டாள். எதிர்க் கடையில் சிவப்பில் எழுதிய விலை அட்டைகள் வெறும் அட்டைகளாயின. போக்குவரத்து விளக்கில் பச்சை செத்துக் கிடந்தது. அப்படியே திரும்பிக் கணவரைப் பார்த்தாள். வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டி ஓட்டி அவர் மூக்கின் மேல் வந்திருந்த திட்டுகளைக் காணோம். காதோரத்துச் சுருக்கம்கூடக் குறைந்த மாதிரி இருந்தது.

"என்ன பாக்குற?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல," என்றாள். கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "நாளைக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி என்னைய ஒண்ணு எடுங்க. இப்ப வீட்டுக்குப் போற வழியில பச்சைப் பொட்டு அட்டை வாங்கணும். அக்காகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க."